விட்டுப் பிடிக்க ஒரு கப்பல்

கேள்வி இதுதான்: "மே மாத விடுமுறையில் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து 4 இரவு க்ரூஸ் போகலாம் என்று நினைக்கிறோம். மகனுக்கு 16, மகளுக்கு 13. எங்களோடு எங்கே வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற வயது. கப்பலுக்குள் அடைந்து கிடந்தால் சண்டைதான் வருமோ? தனியாகச் சுற்ற விடலாமா? செலவுக்குத் தகுந்த பயணமா?"

தாராளமாகப் போகலாம். நான் சிங்கப்பூரில் 18 வருடமாக இருக்கிறேன். பிள்ளைகளோடு நாலு முறை கப்பல் ஏறியிருக்கிறோம். முதல் முறை பெரியவனுக்கு 12 வயது, கடைசி முறை 17. அதில் ஒரு தடவை திருச்சியிலிருந்து அக்கா குடும்பமும் சேர்ந்துகொண்டது. அதனால் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் பயணத்தில் நாங்கள் செய்தது நம் ஊர் டூர் பஸ் முறை. காலை 8 மணிக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், ஒன்றாக நீச்சல் குளம், ஒன்றாக ஷோ. இரண்டாம் நாள் மதியமே பெரியவன் கேபினில் போர்வைக்குள் போனோடு ஒதுங்கிவிட்டான். "இவ்வளவு காசு கொடுத்து இங்கே வந்து படுத்துக் கிடக்கிறானே" என்று என் கணவர் புலம்ப, கப்பல் பயணம் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

அடுத்த முறை ஒரே ஒரு சட்டம் போட்டோம். இரவு 7.30க்கு நாலு பேரும் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். மற்ற நேரம் அவரவர் இஷ்டம். அன்றைக்கு ராத்திரி பெரியவன் தானாக வாயைத் திறந்து, சுவர் ஏறும் இடத்தில் சந்தித்த ஒரு பெனாங்குப் பையனைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். வீட்டில் ஒரு வாரம் பேசுகிற பேச்சு அது.

விட்டுப் பிடி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதற்குக் கப்பலைப் போல வசதியான இடம் கிடையாது. நம் ஊரில் 13 வயதுப் பெண்ணை இரவு 9 மணிக்குத் தனியாக ஐஸ்க்ரீம் வாங்க அனுப்புவோமா? கப்பலில் அனுப்பலாம். ஏறுகிற இறங்குகிற ஒவ்வொருவரையும் அட்டையைத் தேய்த்துக் கணக்கு வைக்கிறார்கள், பொது இடங்களில் கேமரா இருக்கிறது, ரோடு கிடையாது, வண்டி கிடையாது. பசித்தால் காசு கேட்காமல் போய்ச் சாப்பிடலாம். இந்தச் சுதந்திரம்தான் அந்த வயதுக்குப் பெரிய விஷயம். மற்ற சறுக்கு மரமெல்லாம் அப்புறம்தான்.

ஆனாலும் எந்தக் கப்பல் என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டீனேஜ் பிள்ளைகளுக்குப் பெரிய கப்பல்தான் சரி. உதாரணமாக, 2019இல் வந்த ராயல் கரீபியனின் 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்' சுமார் 1,68,000 டன். அதில் அலைச்சறுக்கு விளையாட்டு, காற்றுக்குழாயில் மிதக்கிற ஸ்கைடைவிங், சுவர் ஏறுவது, முட்டி மோதும் கார் எல்லாம் உண்டு. கண்ணாடிக் கூண்டில் ஏற்றி, கடலுக்கு மேலே ஏறக்குறைய 300 அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவார்கள். எந்தப் பருவத்தில் எந்தக் கப்பல் சிங்கப்பூரில் நிற்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பதிவு செய்யும்போது கப்பலின் பெயரைப் பாருங்கள். 'கெண்டிங் ட்ரீம்' 2022 முதல் சிங்கப்பூரிலிருந்து ஓடுகிறது. இந்திய சைவச் சாப்பாடு நன்றாகக் கிடைக்கும் கப்பல், தாத்தா பாட்டியும் வருகிறார்கள் என்றால் அதைப் பாருங்கள். டிஸ்னியின் 'அட்வென்ச்சர்' சிங்கப்பூரைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட கப்பல். எந்த ஊரிலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்புகிற பயணம் அது. உங்கள் 13 வயது மகள் குதிப்பாள். 16 வயதுக்காரர் "இது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்" என்று சொல்ல வாய்ப்பு உண்டு, கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்தே போகலாமே என்று அக்கா கேட்டாள். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 2022 ஜூனிலிருந்து சென்னையில் ஓடியிருக்கிறது, இலங்கைக்கும் போயிருக்கிறது. அது 1990இல் கட்டிய, 50,000 டன்னுக்கும் குறைவான கப்பல். விமான டிக்கெட் இல்லை என்பது பெரிய மிச்சம்தான். இரண்டு இரவு போய், பிள்ளைகளுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க நல்ல வழி. ஆனால் 16 வயதுப் பையன் நாலு நாள் ஓடி ஆட அதில் இடம் போதாது என்பது என் எண்ணம்.

இனி டீன் கிளப். பெரும்பாலான கப்பல்களில் 12 அல்லது 13இல் தொடங்கி 17 வயது வரைக்கும் தனி அறை வைத்திருப்பார்கள். சில நிறுவனங்கள் 12 முதல் 14, 15 முதல் 17 என்று இரண்டாகப் பிரிக்கும், அப்படியானால் உங்கள் பிள்ளைகள் இருவரும் வேறு வேறு கூட்டத்தில் விழுவார்கள். (அதுவும் நல்லதுதான், அண்ணன் தங்கை இருவருக்குமே நிம்மதி.) சின்னக் குழந்தைகளைப் போல இங்கே பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டியதில்லை, நினைத்தபோது வரலாம் போகலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் நாள் இரவு நடக்கிற அறிமுகக் கூட்டத்தைத் தவறவிடக் கூடாது. நண்பர் கூட்டமெல்லாம் அன்றைக்கே சேர்ந்துவிடும். இரண்டாம் நாள் போகிறவன் கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் போனவன் மாதிரி ஓரமாக நிற்பான். என் மகள் முதலில் "நான் போகவே மாட்டேன்" என்றாள். "பத்து நிமிஷம் இரு, பிடிக்கலைன்னா வந்துடு" என்று சொல்லி அனுப்பினோம். 11 மணிக்கு நாங்கள்தான் தேடிப்போய்க் கூட்டிவந்தோம்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஒட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். சிங்கப்பூரிலிருந்து போகிற குட்டிப் பயணங்களில் நம்மைப் போன்ற குடும்பங்களே அதிகம். பிள்ளைகள் தங்கள் சொந்தக்காரர்களோடுதான் சுற்றுவார்கள், கிளப் சில நாள் காலியாகவே கிடக்கும். அதனால் முடிந்தால் பெரியப்பா, சித்தி வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா மகன் வந்த அந்தப் பயணத்தில் என் பையன் எங்களை ஒருமுறைகூடத் தேடவில்லை.

18, 19 வயதில் ஒரு பிள்ளை இருந்தால் கொஞ்சம் திண்டாட்டம். டீன் கிளப்பில் சேர்க்க மாட்டார்கள், பெரியவர்கள் கூட்டத்தில் அவர்களுக்குப் பொழுது போகாது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

தனியாக விடலாமா என்று கேட்டீர்கள். விடலாம், ஆனால் நாங்கள் மூன்று விஷயத்தில் கறாராக இருப்போம். யாருடைய கேபினுக்குள்ளும் போகக் கூடாது, யாரையும் நம் கேபினுக்குக் கூட்டி வரவும் கூடாது. பொது இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும். பால்கனிக் கம்பியில் ஏறுவது, உட்காருவது, செல்ஃபிக்காகச் சாய்வது எதுவும் கூடாது. யாராவது பெரிய பையன் கிளாஸை நீட்டினால் வாங்கக் கூடாது. கப்பலில் மது தண்ணீராக ஓடும், 18 வயதுக்காரன் வாங்கி 16 வயதுக்காரனிடம் கொடுப்பது நடக்காத காரியம் இல்லை. 18க்குக் கீழ் உள்ளவர்கள் இரவு 1 மணி வாக்கில் கேபினுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பல கப்பல்களிலேயே விதி உண்டு. எங்கள் வீட்டு விதி 11.30.

இன்னொன்று, பயிற்சி. ஏறியவுடன் ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். 2012இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, சற்று முன்பு ஏறிய பயணிகள் பலர் அந்தப் பயிற்சியே பெறாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ முடித்துவிட வேண்டும் என்று விதி கடுமையானது. இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு, குறிப்பிட்ட இடத்தில் போய் அட்டையைக் காட்டினால் போதும். பிள்ளைகளைத் தனியாக விடுகிற குடும்பம் இதை ஒப்புக்குச் செய்யக் கூடாது. மணி அடித்தால் கேபினுக்கு ஓடி வந்து எங்களைத் தேடாதே, நேராக அந்த இடத்துக்குப் போ என்று இரண்டு பேரிடமும் திருப்பிச் சொல்ல வைத்தோம்.

கேபின் விஷயத்துக்கு வருவோம், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். "4 பேர் தங்கலாம்" என்று போட்டிருப்பார்கள். தங்கலாம்தான். சராசரி உள்ளறை சுமார் 170 சதுர அடி. இரண்டு படுக்கை கீழே, இரண்டு மேலே சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கி வரும். குளியலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும். வளர்ந்த பையனும் பெண்ணும் உடை மாற்ற முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். என் யோசனை, பால்கனி வைத்த ஒரு அறையை விட ஜன்னல் இல்லாத இரண்டு உள்ளறைகள் மேல். விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், பல தேதிகளில் பெரிய வித்தியாசம் வராது. இரண்டு குளியலறை கிடைக்கும். பதிவில் பெரும்பாலும் அறைக்கு ஒரு பெரியவர் பெயர் கேட்பார்கள். அப்பாவும் மகனும் ஓர் அறை, அம்மாவும் மகளும் ஓர் அறை என்று போட்டுவிட்டால் சிக்கலே இல்லை. நடுவில் கதவு வைத்த இணைப்பறை கிடைத்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

விலையில் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம், அதே அறையின் 3ஆம், 4ஆம் ஆளுக்குக் குறைவு என்று வரும். துறைமுக வரியும் டிப்ஸும் மட்டும் தலைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒன்றுதான். டிப்ஸ் பல கப்பல்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை. 18 என்று வைத்தால் 4 பேர், 4 இரவு, 288 டாலர். விளம்பரத்தில் பார்த்த விலையோடு இதையும் கூட்டிக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். அப்புறம் பயணக் காப்பீடு. கப்பல் மருத்துவமனைக் கட்டணம் கொஞ்ச நஞ்சம் இல்லை, க்ரூஸுக்கும் செல்லுபடியாகிறதா என்று கேட்டு எடுங்கள்.

கப்பலில் ரொக்கம் புழங்காது. கேபின் சாவி அட்டையே கடன் அட்டை. பிள்ளைகள் கையிலும் ஒன்று இருக்கும். எங்கள் இரண்டாம் பயணத்தில் முதல் ராத்திரியே வீடியோ கேம் அறையில் பெரியவன் 60 டாலருக்கு மேல் தேய்த்துவிட்டான். "காசே போடலையே அம்மா, கார்டைத்தானே காட்டினேன்" என்றான். ஏறிய உடனே கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போய்ப் பிள்ளைகளின் அட்டையில் செலவை நிறுத்தச் சொல்லலாம், அல்லது இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம். தண்ணீர், எலுமிச்சை ஜூஸ், டீ, சாதாரணக் காபி இலவசம். கோக், பபிள் டீ, மில்க் ஷேக் பெரும்பாலும் காசு. அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வைஃபை கருவிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு விற்கிறார்கள். நாலு பேருக்கும் நாலு வாங்கினால் இன்னொரு ஆள் டிக்கெட் மாதிரி ஆகிவிடும். ஒன்றை வாங்கி, ஒருவர் வெளியேறிய பின் இன்னொருவர் நுழைவது பல கப்பல்களில் நடக்கும். நாங்கள் பிள்ளைகளுக்குத் தினமும் மாலை ஒரு மணி நேரம் கொடுத்தோம். முதல் நாள் வாடினார்கள், மூன்றாம் நாள் கேட்கவே இல்லை. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுத்தான் வைஃபை ஆன் செய்ய வேண்டும். கப்பலுக்கென்று சாட்டிலைட் வழி இயங்குகிற செல் டவர் இருக்கிறது. உங்கள் போஸ்ட்பெய்டு சிம் அதைப் பிடித்துக்கொண்டால் வரும் பில்லைப் பார்த்து இன்னொரு க்ரூஸ் போயிருக்கலாமே என்று தோன்றும்.

வாட்ஸ்அப் இல்லாமல் பிள்ளைகளை எப்படிப் பிடிப்பது? கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் செய்தி அனுப்பும் வசதி இருக்கும், சில இடத்தில் சின்னக் கட்டணம். எங்களுக்குக் கை கொடுத்தது ஃப்ரிட்ஜ் காந்தம். கேபின் சுவர் இரும்புத் தகடு, காந்தம் கச்சிதமாக ஒட்டும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாளை மாட்டி, "8.40 – பூல்", "10 – பிட்சா" என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். என் மகள் நாலாம் நாள் எழுதியது: "எங்கேன்னு தெரியலை, ஆனா சாப்பாட்டுக்கு வந்துடுவேன்". அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கரையில் இறங்குகிற நாட்களில்தான் நிஜமான கவனம் வேண்டும். மலேசியாவின் பெனாங்கு சுலபம். கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு ஒட்டி நிற்கும், நடந்தே ஊருக்குள் போகலாம். 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஊர். ஆர்மீனியன் தெருவில் எர்னெஸ்ட் ஸக்காரெவிச் 2012இல் வரைந்த, சைக்கிளில் போகும் இரு குழந்தைகளின் சுவரோவியம் இருக்கிறது. சைக்கிள் நிஜம், பிள்ளைகள் ஓவியம். அங்கே போட்டோ எடுக்க டீனேஜ் கூட்டம் வரிசையில் நிற்கும். குயின் தெருவில் மாரியம்மன் கோயில், சுற்றிலும் லிட்டில் இந்தியா. நாசி கண்டார் சாப்பிடாமல் வராதீர்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித்தண்டு போலக் கட்டித் தூக்கி விற்ற சோறு, கண்டார் என்பது அந்தத் தண்டுதான். குழம்பை ஊற்றியதும் என் மகன், "இது நம்ம சால்னாதானே" என்றான்.

தாய்லாந்தின் புக்கெட் அப்படியில்லை. கப்பல் பெரும்பாலும் பத்தோங் கடற்கரைக்குத் தள்ளி நங்கூரம் போடும், சின்னப் படகுகளில் கரைக்குப் போக வேண்டும். நீங்கள் மே மாதம் என்கிறீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிற நேரம், அந்தப் பக்கம் அலை பெரிதாக இருந்தால் கேப்டன் படகே விட மாட்டார். புக்கெட்டுக்காகவே இந்தப் பயணம் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடப்பதால் அங்கே பெரும்பாலும் ஆட்டம் தெரியாது. வாந்தி வருகிற பிள்ளை என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள்.

புக்கெட்டில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரியவனையும் அக்கா மகனையும் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் மாலில் விட்டுவிட்டு, 4.30 மணிக்குப் படகுத்துறையில் சந்திப்பதாகப் பேச்சு. கடைசிப் படகு 5.30. நாங்கள் 4.20க்கே வந்து நின்றோம். 4.30 ஆயிற்று, 5 ஆயிற்று, ஆளைக் காணோம். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். 5.15க்கு இரண்டு பேரும் தேங்காய் ஐஸ்க்ரீமை நக்கிக்கொண்டு சாவகாசமாக வந்தார்கள். "ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்து நிக்கறீங்க? மணி 4.15தானே?" போனைக் காட்டினான், 4.15தான். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் தானாக மாறிக்கொண்டது. நாங்கள் போன கப்பல் சிங்கப்பூர் நேரத்தை மாற்றவே இல்லை. கப்பலில் எல்லாமே கப்பல் நேரம்தான், ஒருவருக்காக நிற்காது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும். அதிலிருந்து பிள்ளைகள் இருவர் கையிலும் பழைய முள் வைத்த கடிகாரம் கட்டி அனுப்புகிறேன். கிண்டல் செய்தாலும் கட்டிக்கொள்கிறார்கள்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பதிவு செய்யும் முன்பும் கிளம்பும் முன்பும் பாருங்கள். மறக்கக் கூடாதது ஒன்று: கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வர மறுபடி நுழைய வேண்டும், ஆகவே பலமுறை நுழையும் விசா அவசியம். சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்புகிற எஸ்ஜி அரைவல் கார்டையும் விமானத்தில் வரும்போது ஒருமுறை, கப்பலில் திரும்பும்போது ஒருமுறை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத்தான் முதலில் பாருங்கள், பெரியவர்களுடையதை விட முன்னதாகக் காலாவதியாகும். கப்பல் கிளம்புகிற அன்றைக்கே சென்னையிலிருந்து வந்து ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள்.

பெட்டியில் மூடிய ஷூவும் சாக்ஸும் கட்டாயம், இல்லாவிட்டால் சுவர் ஏற விட மாட்டார்கள். நீச்சல் உடை முறையானதாக இருக்கட்டும், முழுக்கை வைத்ததும் நீச்சல் துணியாக இருந்தால் சரி. நம் தடிமனான மூன்று முள் ப்ளக் பல கப்பல்களில் பொருந்தாது, அடாப்டர் எடுங்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் கட்டிய புளியோதரையை விட மாட்டார்கள், கடையில் சீல் வைத்த பாக்கெட் முறுக்கு போகும். சைவம் என்றால் முதல் இரவே சாப்பாட்டு அறையின் தலைமைப் பணியாளரிடம் சொல்லுங்கள், மறுநாளிலிருந்து தனியாகச் செய்து தருவார்கள். மீன் சாஸ் சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மகளுக்கு நாப்கின் கையோடு எடுத்துப் போங்கள், கப்பல் கடை விலை கொள்ளை. இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் 16 வயது என்பதால் சொல்கிறேன்: சிங்கப்பூரில் வேப் (மின்சிகரெட்) கையில் வைத்திருப்பதே குற்றம். பையனின் பையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏறியதும் முதல் வேலை, கூட்டம் சேரும் முன் ஆப்பில் விளையாட்டுகளுக்கு நேரம் பிடித்துவிடுவது. அலைச்சறுக்கு போன்றவற்றுக்கு 18க்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் கேட்பார்கள், அதையும் முதல் நாளே முடித்துவிட்டால் அப்புறம் பிள்ளைகள் உங்களைத் தேட வேண்டியதில்லை.

கடைசி இரவு பெட்டிகளுக்கு டேக் மாட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், ராத்திரியே எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் துறைமுகத்தில்தான் கிடைக்கும். மறுநாள் போட ஒரு செட் துணியை வெளியே எடுத்து வை என்று பெரியவனிடம் நாலு தடவை சொன்னேன். "தெரியும்மா, தெரியும்மா." காலையில் எழுந்து பார்த்தால் எடுத்து வைத்திருந்தது சட்டை மட்டும். மெரினா பே துறைமுகத்தின் குடிநுழைவு வரிசையில், முதல்நாள் நனைத்த நீச்சல் அரைக்கால் சட்டையும் மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக, எங்களுக்கு 20 அடி முன்னால், எங்களோடு வராதவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.